எருக்கிலையில் தயிர்சாதம்

ஆடுதுறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காவிரிப் பாலத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் முதலில் திருமங்கலக்குடி வரும், அப்புறம் சூரியனார் கோயில். கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாயி என்னை அந்த வழியில் நடத்தியே கூட்டிப்போவாள். 1966, எனக்கு எட்டு வயது. முதலில் திருமங்கலக்குடிப் பிராணநாதரைப் பார்த்துவிட்டுத்தான் சூரியனாரிடம் போக வேண்டும், அது முறை. திருமங்கலக்குடியில் உச்சிக்காலத்தில் உப்பில்லாத தயிர்சாதத்தை வெள்ளெருக்கிலையில் வைத்துப் படைப்பார்கள். அந்த ஒரு பிடிச் சோற்றை அப்பாயி பிராகாரத்து நிழலில் உட்கார்ந்து எனக்கு ஊட்டிவிடுவாள். எருக்கம்பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. இலைக்காம்பை முந்தானையால் அழுத்தித் துடைத்த பிறகே என் பக்கம் நகர்த்துவாள்.

அங்கே வழங்கும் தலபுராணம் இது. காலவர் என்ற முனிவர் பிறருக்குப் பலன் சொல்பவர். ஒருநாள் தன் பலனையே பார்க்கிறார். தனக்குப் பெருநோய் வரப்போகிறது என்று தெரிகிறது. ஒன்பது கிரகங்களையும் நோக்கித் தவம் இருக்கிறார். கிரகங்கள் மனமிரங்கி, நோய் வராது என்று வரம் கொடுத்துவிடுகின்றன. பிரம்மாவுக்குக் கோபம் வருகிறது. வினையின் பலனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை, அதை மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, அந்த நோய் உங்களுக்கே வரட்டும் என்று சபிக்கிறார். ஒன்பது கிரகங்களும் குட்டநோயோடு பூமிக்கு வந்து, எருக்கங்காட்டில் தங்கி, பிராணநாதரை வணங்கி, எருக்கிலையில் தயிரன்னம் உண்டு, நோய் நீங்குகின்றன.

திரும்பி வரும் வழியில் அப்பாயியிடம் கேட்டேன். "நல்லது செஞ்சதுக்கு எதுக்கு அப்பாயி தண்டன?"

"அவுங்க வேல பலனக் கொண்டாந்து குடுக்கறது. மாத்தறதுக்கு அவுங்க யாரு?" என்றாள். பாலம் வரைக்கும் பேசவில்லை. பாலத்தில் ஏறியதும் அவளாகவே சொன்னாள்: "ஆனா பாரு, கோயிலு அவுங்களுக்குத்தானே கட்டியிருக்கு."

நாங்கள் அங்கே போனது என் சின்னத் தாத்தாவுக்காக. அவர் வீட்டுக் கொல்லையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பில் இருந்தார். அவருக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியிருக்கும். அடுப்பிலிருந்து சுடுபாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவைப்பார், வலிக்காது. அதை நாங்கள் வித்தை என்று நினைத்து வேடிக்கை பார்ப்போம். இரண்டு நாள் கழித்து அந்த இடம் கொப்புளித்துப் புண்ணாகி நிற்கும். நோய் அவர் விரல்களை அரித்துத் தின்கிறது என்று ஊரில் சொன்னார்கள். வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், விரல்களை அழிப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, உணர்ச்சியற்ற கையில் யாரும் கவனிக்காமல் ஏறும் சூடும் வெட்டும் அழுத்தமும்தான் என்று சின்னத் தாத்தாவின் காலத்திலேயே கண்டு சொல்லியிருந்தார். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் 1940களிலேயே சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தார். மருந்து இருந்தது, மருத்துவம் இருந்தது. நாங்கள் அவரை அங்கே கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் அத்தைகளுக்கு மாப்பிள்ளை வராது. அதனால் அவருடைய நோய்க்குப் பூர்வஜென்ம வினை என்று பெயர் வைத்துக் கொல்லையில் விட்டுவிட்டோம். 1969இல் அவர் இறந்தார். நான் தோல் மருத்துவம் படிக்கப் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

முப்பது வருஷம் அரசு மருத்துவமனைகளில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவு எங்கேயும் கட்டடத்தின் கோடியில்தான் இருக்கும். வெளியே தோல் என்று மட்டும் எழுதியிருந்தால் கூட்டம் வரும். பால்வினை என்ற சொல்லும் இருந்தால் ஆட்கள் பலகையைப் படித்துவிட்டுத் தண்ணீர்க் குழாய் வரை போய்த் திரும்பி வருவார்கள். அந்தச் சொல்லையே நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். பால் என்றால் ஆண்பால், பெண்பால். வினை என்றால் செயல். ஆக, உறவால் வரும் நோய் என்பதுதான் பொருள். ஆனால் தமிழ்க் காதில் வினை என்ற சொல் செயலோடு நிற்பதில்லை. பழந்தமிழில் பால் என்பதற்கே ஊழ் என்ற பொருளும் உண்டு. சொல்லை உருவாக்கியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் கேட்கிறவன் காதில் இரண்டு பக்கமும் விதி என்றே விழுகிறது.

அதற்கு முந்தைய பெயர்களும் இரக்கமானவை அல்ல. சிபிலிசைப் பரங்கிப்புண் என்றார்கள். போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டு வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசமும் பிரங்க ரோகம் என்றே எழுதியது. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். எந்த நாட்டிலும் அது தன் நாட்டு நோயாக இருந்ததில்லை. சிபிலிஸ் என்ற பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. வெரோனாவைச் சேர்ந்த பிரகாஸ்தோரோ என்ற மருத்துவர் 1530இல் லத்தீனில் ஒரு நெடும்பாட்டு எழுதினார். அதில் சூரியதேவனை அவமதித்த ஓர் ஆட்டிடையனுக்கு அந்த நோய் முதன்முதலாக வருகிறது. அவன் பெயர் சிபிலஸ். அங்கே நோயைக் கொடுப்பதும் சூரியன்தான். எங்கள் ஊரில் சூரியன் அதே மாதிரி நோயை வாங்கிக்கொண்டு எருக்கங்காட்டில் நிற்கிறான். இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது என் ஊர்க்கதை மேல் எனக்குப் பெருமை வரும். அதை மறைக்க விரும்பவில்லை.

சிபிலிஸ் கிருமியை நான் முதலில் பார்த்தது 1985இல், சென்னையில் டிப்ளமோ படிக்கும்போது. புண்ணை உப்புநீரால் கழுவி, ஓரத்தை மெல்ல அழுத்தினால் தெளிவாக ஒரு துளி ஊறும். அதைக் கண்ணாடித் துண்டில் எடுத்துக் கரும்புல நுண்ணோக்கியில் வைத்தால், கறுப்பில் ஒரு வெள்ளி இழை. திருகாணிபோல் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போகும், நடுவில் மடங்கி நிமிரும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு நேர்த்தி. ஜெர்மனியில் ஷாடினும் ஹாப்மனும் 1905இல் அதைக் கண்டார்கள். உடம்புக்கு வெளியே வந்தால் அதற்கு ஆயுள் இல்லை. உலர்ந்தால் சாகும், சோப்புத் தண்ணீர் பட்டால் சாகும். பெரும்பாலும் ஈரமான தோல் தோலோடு படும் இடத்தில்தான் கடக்கும். அது யார் தோல், தாலி கட்டிய உறவா, காசு கொடுத்த உறவா, கட்டாயப்படுத்திய உறவா என்று அதற்குத் தெரியாது. சித்திரகுப்தன் ஏட்டை எழுதுகிற எந்த உறுப்பும் அதற்கு இல்லை என்பதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

அப்படிப் பார்த்த நானே பிற்பாடு ஒரு பெண்ணிடம் தவறு செய்தேன். வேலையில் சேர்ந்த மூன்றாவது வருஷம். ஐம்பது வயதைத் தாண்டிய கைம்பெண், பிறப்புறுப்பில் புண் என்று வந்திருந்தாள். பார்த்தேன். சிவந்து உரிந்த புண்கள், நீண்ட நாள் ஆறாதவை. வாயைத் திறக்கச் சொல்லவில்லை. வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். "யாரோட தொடர்பு?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். "மறைச்சா மருந்து குடுக்க முடியாதும்மா. எத்தனை நாளாச்சு, யாரு?" என்று மறுபடியும், கதவு திறந்திருக்கும்போதே, கேட்டேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் ரத்தம் கொடுக்காமலே போய்விட்டாள்.

நான்கு மாதம் கழித்து அவளை அவள் அண்ணன் மகன் தூக்கிக்கொண்டு வந்தான். முதுகு முழுக்கத் தோல் உரிந்து, வாழையிலை மேல் படுக்கவைத்திருந்தார்கள். வாய் முழுக்கப் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. கொப்புளத்தின் பக்கத்தில் நல்ல தோலை விரலால் தேய்த்தால் தாள்போல வழுகிக் கழன்றது. பெம்பிகஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலின் செல்களை ஒட்டவைக்கும் பசையைத் தாக்கும் நோய். தொற்று அல்ல, உறவால் வருவதும் அல்ல. பெரும்பாலும் வாயில்தான் தொடங்கும், சிலருக்குப் பிறப்புறுப்பிலும். அன்றைக்கு வாயைத் திறந்து பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம். டெல்லியில் பஸ்ரிச்சா வகுத்த முறைப்படி மாதம் ஒருமுறை மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றும் சிகிச்சை தொடங்கினோம். பிழைத்தாள். தேறி வந்த பிறகு ஒருநாள் சொன்னாள்: "நீங்க அப்படிக் கேட்டதுக்கப்புறம் வேற எந்த ஆஸ்பத்திரிக்கும் போகத் தோணல டாக்டரம்மா. இன்னொருத்தரும் அதையே கேட்டா?" குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த நாலு மாதம் என் கணக்கில் இருக்கிறது. வினை என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்குத்தான் ஒரு பொருள் கிடைத்தது. அவள் தோலில் நான் தேடிய வினை அங்கே இல்லை, என் நாக்கில் இருந்தது.

அதற்குப் பிறகு கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். கேட்காமல் இருக்க முடியாது, எங்கள் மருத்துவமே கேள்வியில்தான் நிற்கிறது. புண் எப்போது வந்தது, கடைசி உறவு எப்போது, ஆணுறை போட்டிருந்தீர்களா, வீட்டில் அவர்களுக்கு வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி உண்டா. ஆனால் முதலில் கதவைச் சாத்துவேன். நாற்காலியை மேஜைக்கு எதிரே போடாமல் பக்கத்தில் போடுவேன். "இதை வர்ற எல்லாரிடமும் கேக்கறதுதான்" என்று தொடங்குவேன். பெண்களிடம் சூடா, வெட்டையா, உள்ளே புண்ணா என்று அவர்கள் சொல்லிலேயே கேட்பேன். அருணகிரிநாதரைப் பற்றி வழங்கும் கதை எல்லாருக்கும் தெரியும். பெண்ணாசையில் எல்லாம் இழந்து, உடம்பெல்லாம் நோயாகி, திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலிருந்து விழுகிறார். முருகன் தாங்கிக்கொள்கிறான். அது சரித்திரமா என்பது அறிஞர்கள் பாடு. நான் அதில் பார்ப்பது வரிசையை. விழுகிறவனை முதலில் கையில் ஏந்துகிறான். எப்படி வந்தது, யாரிடம் வந்தது என்று அந்தக் கதையில் முருகன் எங்கேயும் கேட்பதில்லை. நான் கேட்டாக வேண்டியவள். அதனால் கை முதலில் நீளட்டும், கேள்வி பிறகு வரட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் கேள்வி கேட்கவே தேவையில்லாத ஒரு நோயாளி வந்தாள். பிறந்து மூன்று வாரமான பெண்குழந்தை. மூக்கு அடைத்து ரத்தம் கலந்த சளி. உள்ளங்கையும் உள்ளங்காலும் தோல் உரிந்து சிவந்திருந்தன. இடது கையை அசைக்கவே இல்லை, தொட்டால் வீறிட்டது. வயிற்றைத் தடவினால் மண்ணீரல் விரலில் தட்டுப்பட்டது. பிறவிச் சிபிலிஸ். தாய்க்குப் பத்தொன்பது வயது. சிபிலிசுக்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனை அவள் ரத்தத்தை அறுபத்துநாலு பங்கு நீர்த்த பிறகும் நோயைக் காட்டியது. குழந்தையின் பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "போன சென்மத்துல என்ன பாவம் செஞ்சுச்சோ இது" என்று அழுதாள்.

பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். உலகத்தின் பெரிய மதங்கள் எல்லாம் இந்தச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இயேசுவிடம் அதைத்தான் கேட்கிறார்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று. இரண்டும் இல்லை என்று அவர் பதில் சொன்னதாக யோவான் எழுதுகிறார். உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்த யோபுவிடம், நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று நண்பர்கள் நாள்கணக்காக வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களைத்தான் கண்டிக்கிறார். நம் பக்கத்தில் எந்த வினைக்கு எந்த நோய் என்று வகுத்துச் சொல்லும் கன்ம காண்டம் சித்த மருத்துவத்தில் இருக்கிறது. அதே தமிழில், ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், மருந்து என்ற அதிகாரத்தில் அந்த ஊழைத் துளியும் கலக்கவில்லை. உணவைப் பேசுகிறார், செரிமானத்தைப் பேசுகிறார், நோயையும் அதன் காரணத்தையும் தேடச் சொல்கிறார். ஊழ் 38ஆம் அதிகாரம், மருந்து 95ஆம் அதிகாரம். ஊழை அவ்வளவு வலிமையாக நம்பிய ஒருவர் நோயாளியின் பக்கத்தில் வந்து உட்காரும்போது அதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார். இதைவிடப் பெரிய மருத்துவ ஒழுக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

காரணத்தைத் தேடினேன். தாயின் கர்ப்பிணி அட்டையை வாங்கிப் பார்த்தேன். எடை எழுதியிருந்தது, ரத்த அழுத்தம் எழுதியிருந்தது, டெட்டனஸ் ஊசி இரண்டு. வி.டி.ஆர்.எல். என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அவள் ஐந்து முறை பரிசோதனைக்குப் போயிருக்கிறாள். ஐந்து முறையும் யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பேனாவை நகர்த்தியிருக்கிறார். பரிசோதனை மருந்து தீர்ந்திருக்கலாம், ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம், இந்தப் பெண்ணுக்கு எதற்கு என்று நினைத்திருக்கலாம். நாலாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ அந்த ரத்தம் பார்க்கப்பட்டு, தாய்க்கு ஒரே ஒரு முறை பென்சிலின் போட்டிருந்தால் இந்தக் குழந்தை அநேகமாக நோயில்லாமல் பிறந்திருக்கும். போன ஜென்மம் வரை போக வேண்டியதில்லை. வினை அந்த வெற்றுக் கட்டத்தில் இருந்தது, அதற்குத் தேதியும் இருந்தது.

பத்து நாள் பென்சிலின் போட்டோம். நாலாவது நாள் குழந்தை இடது கையை அசைத்தது.

பென்சிலினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1943இல் மகோனி என்ற அமெரிக்க மருத்துவர் அதைச் சிபிலிசுக்குக் கொடுத்துப் பார்த்தார். எண்பது வருஷம் ஆகிவிட்டது, இன்றும் அந்தக் கிருமி அதற்குப் பணிகிறது. இத்தனை மருந்துகளுக்குத் தப்பிக்கக் கற்ற கிருமிகள் நடுவில் இது எனக்கு அதிசயமாகத்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாங்கள் போடுவது பென்சாதைன் பென்சிலின், இருபத்துநாலு லட்சம் யூனிட். முன்கையில் ஒரு சொட்டுப் போட்டு ஒவ்வாமை பார்க்க வேண்டும். அட்ரீனலின் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். குப்பியில் தண்ணீரை விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் கெட்டிப் பால்போல் வரும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். தடித்த ஊசிதான் வேண்டும். இடுப்பில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி, மெதுவாக. வலிக்கும். அன்று ராத்திரி சிலருக்குக் குளிர்க்காய்ச்சல் வரும், கிருமிகள் கூட்டமாகச் சாகிற காய்ச்சல். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஊசியே விஷம் என்று நினைத்து மறுபடி வரமாட்டார்கள்.

அந்த மருந்து இருந்தும் கொடுக்காமல் விட்ட ஊரும் உண்டு. அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் வந்த ஏழைக் கறுப்பின ஆண்களை, நோய் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகச் சிகிச்சை தராமலே கவனித்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அங்கே பிரம்மாவின் வேலையை வெள்ளை அங்கி போட்டவர்கள் செய்தார்கள். சட்டமும் செய்திருக்கிறது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898இல் எழுதிய சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை உயிரோடு இருந்தது, பன்மருந்துச் சிகிச்சை வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும்.

பிரம்மாவின் கேள்வியை நான் நேரிலும் கேட்டிருக்கிறேன். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதை நாட்டிலேயே முதலாவதாகக் கண்டார்கள். நம் பண்பாட்டில் இது வராது என்ற பேச்சு அதுவரை எங்கும் இருந்தது, அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தது. தொண்ணூறுகளில் ஓர் ஊர்க்கூட்டத்தில் ஆணுறையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். வயதான ஒருவர், மரியாதைக்குரியவர், தேவாரம் ஓதுகிறவர், என்னிடம் வந்தார். "அம்மா, தப்பு செஞ்சவனுக்குப் பலன் வர்றதுதான் தருமம். நீங்க ஊசியும் உறையும் குடுத்துப் பலனத் தடுத்துட்டா, அவன் ஏன் திருந்தப்போறான்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே வருந்திக் கேட்டார்.

அன்றைக்கு அவருக்குச் சூரியனார் கோயில் கதையைச் சொன்னேன். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "கிரகங்கள் சாபம் வாங்கினது நினைவிருக்கட்டும்" என்றார். "வாங்கினாங்க அய்யா. ஆனா காலவருக்குக் குடுத்த வரத்தைத் திரும்ப வாங்கிக்கலையே" என்றேன். அவர் யோசித்தார். பதில் சொல்லாமல் திருநீற்றுப் பையைத் திறந்து எனக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது இன்னும் தெளிவாகச் சொல்லத் தெரியும். நான் வினையை நம்புகிறவள். காலையில் திருநீறு பூசாமல் வெளியே கிளம்புவதில்லை. ஆனால் வினை என்பது தன்னைப் பார்த்து மட்டும் சொல்லிக்கொள்ளத் தகுந்த சொல் என்பது என் முடிவு. என் வினை என்று ஒருவன் தன் நெஞ்சுக்குள் சொன்னால் அவனிடம் ஏதோ மாறலாம். உன் வினை என்று அடுத்தவரைப் பார்த்துச் சொன்ன அந்த நொடியில் சொல்கிறவன் தண்ணீர் கொடுக்கும் கடமையிலிருந்து தன்னைக் கழற்றிக்கொள்கிறான். என் சின்னத் தாத்தாவிடம் நாங்கள் அப்படித்தான் கழற்றிக்கொண்டோம்.

இந்த முடிவும் ஒருநாள் ஆட்டம் கண்டது. லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி. கணவருக்கு வந்த சிபிலிஸ் இவளுக்கும் வந்திருந்தது. கணவருக்கு ஊசி போட்டபோதே மனைவியையும் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். இருவருக்கும் போடாவிட்டால் நோய் இருவருக்குள்ளும் போய்ப் போய் வரும். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "என் வினை டாக்டரம்மா" என்றாள். "உங்க வினை இல்லம்மா இது, நீங்க எதுவும் செய்யல" என்று வேகமாகச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தெரியாதா? அவரு செஞ்சதுன்னு நெனச்சா இன்னிக்கே வீட்ட விட்டுப் போவணும். ரெண்டு புள்ள இருக்கு, எங்க போவேன்? என் வினைன்னு நெனச்சாத்தான் ராத்திரி தூங்க முடியுது."

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சொல் அவளுக்குக் கூரையாக இருந்தது. மாற்றுக் கூரை ஒன்றும் என் கையில் இல்லாமல் அதைப் பிரித்துப் போட எனக்கு உரிமை கிடையாது. எச்.ஐ.வி. ஆலோசனைக்கான நம்பிக்கை மையத்தில் இருந்த ஆலோசகரிடம் அவளைத் தனியாகப் பேச வைத்தேன். எச்.ஐ.வி. பார்த்தோம், இல்லை. மூன்று மாதம், ஆறு மாதம் என்று ரத்தம் பார்த்தோம். வி.டி.ஆர்.எல். அளவு முப்பத்திரண்டில் இருந்தது எட்டானது, அப்புறம் இரண்டானது. கடைசியாக வந்தபோது கிராமத்துத் தையற்கடையில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். வினையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்னும் சில நாள் அந்தப் பெண் என் நினைவில் வந்து, சொல்லியிருக்க வேண்டுமா, விட்டது சரியா என்று கேட்பாள். எனக்கு விடை தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மறுபடி கார்த்திகை ஞாயிறுகளில் திருமங்கலக்குடிக்குப் போகிறேன். போன வருஷம் பிராகாரத்தில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் எருக்கிலையோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம், வயல்வேலை செய்கிற கை. இடது முன்கையில் ஒரு தேமல், எங்கள் ஊர்ச் செம்பின் நிறம், ஓரம் தெளிவாக. அதன் மேல் முடி இல்லை, வியர்வை இல்லை.

"அரிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஒண்ணுமே தெரியாது. ஒரு வருசமா இருக்கு."

ஆள் இல்லாத மூலைக்கு வரச் சொன்னேன். என்னிடம் விளக்குக்கு வாங்கிய திரிப் பொட்டலம் இருந்தது. ஒரு திரியைப் பிரித்து நுனிப் பஞ்சை மெல்லியதாக முறுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடும் இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். தோளில் தொட்டேன், காட்டினார். மணிக்கட்டில் தொட்டேன், காட்டினார். தேமலின் நடுவில் மூன்று முறை தொட்டேன். கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடலையேம்மா" என்றார். முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தேன். கயிறுபோல் தடித்திருந்தது. விரல்களை விரித்துக் காட்டச் சொன்னேன். ஐந்தும் நன்றாக விரிந்தன. சுண்டுவிரலில் நல்ல பலம்.

நான் யார் என்பதைச் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், குரலைத் தாழ்த்தாமல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், மாதம் ஒரு அட்டை, முதல் வேளை அங்கேயே விழுங்க வேண்டும், தொடங்கிவிட்டால் யாருக்கும் ஒட்டாது, விரல் மடங்காமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் எல்லாரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தனித் தட்டு வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

அவர் இலையைப் பார்த்தார். "வெரதம் எடுத்திருக்கேம்மா. முடிச்சுட்டு வரவா?"

"வெரதம் நடக்கட்டும். நாளைக்குத் திங்கக்கிழமை, காலைல ஒன்பது மணிக்கு வாங்க. நானும் வர்றேன்."

தலையசைத்தார். மறுபடி உட்கார்ந்து சோற்றைக் கையில் எடுத்தார். இலைக்காம்பில் பால் கசிந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டேன்.